சாயமும் சட்டமும்

2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் புதுச்சேரிச் சர்க்கார் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடுத்தனர். அம்மாதம் 17-ந் தேதி தமிழ்நாட்டுச் சர்க்காரும் அவ்வாறே செய்தனர். சென்னையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்ததில் ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது தெரியவந்தது என்று சுகாதார மந்திரி ஸ்ரீ மா. சுப்பிரமணியன் அறிவித்தார். மார்ச்சு மாதத்தில் கர்நாடகச் சர்க்கார் இதே வழியில் சென்றனர். கோபி மஞ்சூரியன் என்று கடைத்தெருவில் வழங்கும் காலிபிளவர்ப் பலகாரத்தில் 171 மாதிரிகள் எடுத்து, 107-ல் ஆகாத சாயம் இருக்கக் கண்டனர். பஞ்சு மிட்டாயில் 25 மாதிரிகளுக்கு 15 அவ்வாறு இருந்தன. ஜூன் மாதம் கபாப் வகைகளில் செயற்கைச் சாயம் சேர்ப்பதும் அங்கே தடுக்கப்பட்டது.

குழந்தைகள் வாயில் விஷச் சாயம் விழாமல் தடுக்க முன்வந்த எந்தச் சர்க்காரையும் நாம் குறை கூறோம். அதிகாரிகள் விழித்துக்கொண்டது நன்றே. ஆயினும் இவ்வுத்தரவுகளைப் படித்தபோது நமக்கு ஒரு கேள்வி எழுந்தது. அக்கேள்விக்கு இன்றளவும் தக்க விடை கிடைக்கவில்லையாதலால், அதனைப் பொதுஜனங்கள் முன் வைப்பது நமது கடமையாகிறது. ஏற்கெனவே தடுக்கப்பட்ட ஒன்றை மீண்டும் ஏன் தடுக்க வேண்டி வந்தது?

ரோடமின்-பி 2024-ல் புதிதாகக் குற்றவாளியானதன்று. துணிக்கும் காகிதத்திற்கும் போடுகிற சாயம் அது. உணவில் சேர்க்கலாம் என்று இந்திய சட்டம் ஒப்பிய செயற்கைச் சாயங்கள் எட்டே. டார்ட்ரசின், ஸன்ஸெட் யெல்லோ, கார்மோய்ஸின், பான்ஸோ 4ஆர், எரித்ரோஸின், இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் புளூ, பாஸ்ட் கிரீன் என்பனவே அவை. இவற்றையும் சட்டம் குறித்த பண்டங்களிலேயே, பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படாமல், சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாதது எதுவாயினும் அது தடுக்கப்பட்டதே. அதற்கெனத் தனி உத்தரவு வேண்டுவதில்லை. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 3-வது பிரிவு இதனைத் தெளிவாகவே சொல்லுகிறது. அனுமதிக்கப்படாத சாயம் இருந்தாலே அப்பண்டம் "அபாயகரமான உணவு" ஆகிவிடும். உண்டவனுக்கு நோய் வந்ததா இல்லையா என்று வாதி நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்த முறை எவ்வாறு ஏற்பட்டது என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் மிட்டாய்க்காரர்கள் செவ்வீயத்தையும் ஈயக் குரோமேட்டையும் தாமிரமும் பாஷாணமும் சேர்ந்த பச்சைப் பொடியையும் இனிப்பில் கலந்தார்கள். 1856-ல் பெர்க்கின் என்னும் இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பிறந்த சரக்கில் ஊதாச் சாயம் கண்டார். அதன் பின் அவ்வினத்துச் சாயங்கள் நூற்றுக்கணக்கில் பெருகித் துணியிலிருந்து தட்டுக்கும் வந்து சேர்ந்தன. விஷமென்று தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டு போவதே அக்காலத்து வழக்கம். ஒன்றைத் தடுத்தால் வியாபாரி வேறொன்றை எடுப்பான். சட்டம் எப்போதும் ஒரு காதம் பின்தங்கியே ஓடும்.

அமெரிக்கர் 1907-ல் இம்முறையைத் தலைகீழாக்கினார்கள். முந்திய வருஷத்தில் நிறைவேறிய சுத்த உணவுச் சட்டத்தை நடத்தப் புகுந்த விவசாய இலாகா, கடைவீதியில் விற்ற சுமார் 80 சாயங்களை ஆராயச் செய்து, ஏழு மட்டுமே தகும் என்று அறிவித்தது. 1938-ல் வந்த சட்டம் ஒவ்வொரு தொகுதிச் சாயத்திற்கும் சர்க்கார் சான்று பெறுவதைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்து 1957-ல்தான் அனுமதிப் பட்டியல் முறைக்கு வந்தது. நம் நாட்டிலோ, சென்னை மாகாணத்தில் 1918-ம் வருஷத்திலேயே கலப்படத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. சுதந்திரத்திற்குப் பின் 1954-ல் நாடு முழுமைக்கும் கலப்படத் தடைச் சட்டம் இயற்றி, 1955-ம் வருஷத்து விதிகளில் அனுமதிப் பட்டியல் ஏற்படுத்தினோம். இவ்விஷயத்தில் நம்மை ஆண்டவர்களுக்கு நாம் பின்தங்கினோமல்லோம்.

இம்முறையின் நியாயம் யாதெனில், நிரூபிக்கும் பாரம் யார் தலையில் என்பதே. சாயம் உணவுக்கு அவசியமானதன்று. அது பசியை ஆற்றாது, உடலை வளர்க்காது, கெடாமலும் காக்காது. கண்ணை மயக்கி விலையை ஏற்றுவதே அதன் தொழில். ஆகையால் அதனால் தீங்கில்லை என்று காட்ட வேண்டியவன் அதைச் சேர்ப்பவனே; தீங்குண்டு என்று காட்ட வேண்டிய கடமை உண்பவனுக்கில்லை. ரோடமின்-பியைப் பற்றியே எடுத்துக்கொள்வோம். பிராணிகளுக்குச் செலுத்திய சோதனைகளில் சந்தேகத்திற்கு இடம் ஏற்பட்டிருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று தீர்மானிக்கப் போதிய சான்று இல்லை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் வகுத்து வைத்திருக்கிறது. "சான்று இல்லையே, பின் ஏன் தடை?" என்று கேட்பவர் சட்டத்தின் அடிப்படையை உணராதவர். பிணங்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் சாயத்தை விலக்க வேண்டும் என்று எந்த நாகரிகச் சமூகமும் சொல்லாது.

கர்நாடகத்துச் சோதனையில் மற்றொரு பாடமும் உண்டு. அங்கே அகப்பட்ட சாயங்களில் ரோடமின்-பி ஒன்று. டார்ட்ரசின், ஸன்ஸெட் யெல்லோ, கார்மோய்ஸின் என்பன ஏனையவை. பின்னவை மூன்றும் பட்டியலில் உள்ளவையே. பிஸ்கோத்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் அளவோடு ஒப்பப்பட்ட சாயம், எண்ணெயில் பொரித்த காய்க்கும் இறைச்சிக்கும் ஒப்பப்பட்டதன்று. ஆகவே குற்றம் மூவகைப்படும். ஆகாத சாயத்தைச் சேர்ப்பது ஒன்று. ஆன சாயத்தை ஆகாத பண்டத்தில் சேர்ப்பது மற்றொன்று. ஆன சாயத்தை ஆன பண்டத்தில் அளவு மீறிச் சேர்ப்பது மூன்றாவது. இவ்வேற்றுமையைக் கற்றறிந்தவர்களே எளிதில் அறியார்கள். தள்ளுவண்டிக்காரன் எங்ஙனம் அறிவான்? அவனுக்குச் சிவப்பு என்றால் சிவப்புதான்.

இங்கேதான் நமது கேள்விக்கு விடை இருக்கிறது. தடை உத்தரவு பிறந்ததும் அதிகாரிகள் எங்கே போனார்கள்? கடற்கரைக்கும் திருவிழாக் கூட்டத்திற்கும் போனார்கள். அங்கே தோளில் கழி சுமந்து, ரோஜா நிறப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் ஏழையைப் பிடித்தார்கள். அவர்களிற் பலர் வடநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நம் மொழி அறியாதவர்கள். ஒரு நாள் விற்பனை நின்றால் அன்றிரவு அடுப்பெரியாதவர்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முன்னோர் மொழி. அவ்வேழை சாயத்தைத் தன் வீட்டில் காய்ச்சி வடிக்கவில்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் பிறந்து, பீப்பாயிலிருந்து சில்லறைப் பொட்டலமாகி, ஏதோ ஒரு கடையில் அவன் கைக்கு வந்த பொடி அது. அந்தக் கடை எது? அந்தப் பொட்டலத்தைக் கட்டியவன் யார்? உத்தரவுகளில் இதைப் பற்றிய பேச்சை நாம் காணவில்லை.

ஏழை என்பதற்காக அவனுக்குக் குழந்தைகளை நஞ்சூட்ட உரிமை உண்டென்று நாம் வாதாடவில்லை. சட்டமும் அவ்விதம் சொல்லவில்லை. ஆனால் அபராதத்தை நிர்ணயிக்கும்போது, அடைந்த லாபம் எவ்வளவு, குற்றம் அறியாமல் நிகழ்ந்ததா என்பவற்றைக் கவனிக்க வேண்டும் என்று 49-வது பிரிவு கட்டளையிடுகிறது. சட்டம் இயற்றியவர்கள் சிறியவனையும் பெரியவனையும் ஒரே தராசில் நிறுத்த விரும்பவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. இந்நிலையில், யாருக்கும் காயமோ நோயோ உண்டாக்காத அபாயகரமான உணவை விற்ற குற்றத்திற்கு ஆறு மாதமாக இருந்த அதிகபட்சக் காவலை மூன்று மாதமாகக் குறைத்து, ஒரு லட்சமாக இருந்த அபராத வரம்பை மூன்று லட்சமாக உயர்த்த 2023-ல் பார்லிமெண்டு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. பெரிய கம்பெனிக்கு மூன்று லட்சம் ஒரு நாள் விளம்பரச் செலவுக்கும் காணாது. மிட்டாய் விற்பவனுக்கோ அது ஆயுட்காலச் சம்பாத்தியம். பணத்தால் அளக்கும் தண்டனை கனத்தவன் மேல் இறகாகவும் மெலிந்தவன் மேல் பாறையாகவும் விழுகிறது.

பொட்டலம் கட்டியவனைத் தொடச் சட்டத்தில் இடமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். "துணிச் சாயம் விற்பது குற்றமா? நெசவாளிக்கும் காகிதக்காரனுக்கும் அது வேண்டாமா? வாங்கினவன் என்ன செய்தான் என்பது எனக்கென்ன தெரியும்?" என்று சாயக்கடைக்காரர் கேட்பார். கேள்வி சாமர்த்தியமானதே. நெசவுக்கும் காகிதத்திற்கும் சாயம் விற்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 57-வது பிரிவைப் புரட்டிப் பார்க்கட்டும். உணவைக் கெடுக்கும் பொருளை இறக்குமதி செய்பவன், விற்பனைக்காக உண்டுபண்ணுபவன், சேமித்து வைப்பவன், விற்பவன், விநியோகிப்பவன் ஆகிய அனைவரும் அப்பிரிவுக்கு உட்பட்டவர்கள். பொருள் சுகத்திற்குக் கேடானதாயின் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். "பிறருக்காக வைத்திருந்தேன்" என்பது எதிர்வாதமாகாது என்றும் அப்பிரிவு வாயடைத்துவிடுகிறது. சீனியும் எசென்ஸும் மிட்டாய்க் குச்சியும் விற்கிற அதே கடையில், பெயரில்லாப் பொட்டலத்தில் ரோஜா நிறப் பொடியும் விற்றால், அது நெசவாளிக்காக வைத்த சரக்கு என்று எந்த நியாயாதிபதி நம்புவார்? அன்றியும், உணவுச் சரக்கை வியாபாரிக்கு விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்திற்கும் எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும், பில் ஒன்றே அந்த உத்தரவாதமாகக் கொள்ளப்படும் என்று 26-வது பிரிவு விதிக்கிறது. பில் கேட்கும் பழக்கம் இருந்தால், மிட்டாய்க் கழியிலிருந்து பீப்பாய் வரையில் ஒரு நூல் தொடர்ந்து போகும். அந்நூலைப் பிடித்துக்கொண்டு நடப்பதே அதிகாரிகளின் வேலை. சட்டம் ஊமையன்று, அதனைப் பேசவைப்பார் இல்லை.

இவ்வாறு மேலே போய்ப் பிடிப்பது நடவாத காரியம் என்று கூறுவார்க்கு நம் அண்டை நாடாகிய வங்காள தேசத்தைக் காட்டுகிறோம். மஞ்சள் பளிச்சென்று தெரிவதற்காக ஈயக் குரோமேட்டு என்னும் மஞ்சட் சாயத்தை அந்நாட்டில் மஞ்சள் கிழங்கின்மேல் பூசிவந்தனர். ஈயம் குழந்தைகளின் மூளையை மந்தமாக்கும் விஷம் என்பதில் ஆராய்ச்சியாளருக்குள் அபிப்பிராய பேதமே இல்லை. 2019-ல் ஆராய்ச்சியாளர் இதனை வெளிப்படுத்தியபோது, சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் ஈயம் காணப்பட்டது. அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் மூலைக்கடைக்காரனைத் தேடி அலையவில்லை. டாக்காவின் பெரிய மொத்தச் சந்தையாகிய ஷியாம்பஜாருக்கு, ஈயத்தை அந்த க்ஷணமே காட்டும் எக்ஸ்ரே கருவியுடன் போனார்கள். மொத்த வியாபாரிகளின் சரக்கைப் பறிமுதல் செய்து, அங்கேயே நீதிமன்றம் கூட்டி அபராதம் விதித்தார்கள். பத்திரிகைகள் அச்செய்தியை நாடெங்கும் பரப்பின. வியாபாரிகளுக்குத் துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்பட்டன. 2021-ல் மறுபடி சோதித்தபோது ஈயம் கலந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. மஞ்சள் அரைக்கும் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலிருந்த ஈயமும் குறைந்தது. இரண்டே வருஷத்தில் நடந்த காரியம் இது. நம்மைவிடப் பணமும் பரிசோதனைச் சாலைகளும் குறைந்த நாடு செய்ததை நாம் செய்ய முடியாதென்றால், குறை நம் வசதியில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

அந்த மனம் இருந்தபோது நாமே செய்து காட்டியதும் உண்டு. ஆனால் அது யாருக்காக என்பதை எண்ணும்போது நெஞ்சு சுடுகிறது. 2003-ல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொடியில் சூடான்-1 என்னும் சாயம் கலந்திருப்பதைப் பிரான்ஸ் கண்டுபிடித்தது. உடனே ஐரோப்பிய நாடுகள், சோதனைச் சான்று இல்லாத மிளகாயை உள்ளே விடோம் என்று அவசரத் தீர்மானம் செய்தன. நமது வாசனைப் பொருள் வாரியம் விழித்தெழுந்து, ஏற்றுமதியாகும் மிளகாய்க்குச் சூடான் சாயச் சோதனையைக் கட்டாயமாக்கியது. 2005-ல் அதே சாயம் ஒரு சாஸ் வழியாக நூற்றுக்கணக்கான பண்டங்களில் புகுந்ததென்று பிரிட்டனில் கடைகளே காலியாயின. ஆக, வெள்ளையன் மேஜைக்குப் போகும் மூட்டையைச் சோதித்தே அனுப்ப நமக்குத் தெரியும், முடியும். நம் குழந்தை கையில் நாம் கொடுக்கும் மிட்டாய்க்கு மட்டும் சோதனை திடீரென ஒரு பிப்ரவரி மாதத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அந்நிய ஆட்சி போய்த் தலைமுறைகள் கடந்தும், நம் சரக்கின் சுத்தத்தை அந்நியன் கேட்டால்தான் கவனிப்போம் என்பது சுயராஜ்யத்திற்கு அழகன்று.

சட்டத்தை நடத்துவதோடு காரியம் முடிந்ததா? இல்லை. அனுமதிப் பட்டியல் வேதமன்று, மனிதர் வகுத்தது, அறிவு வளர வளரத் திருத்த வேண்டியது. நம் பட்டியலிலுள்ள எரித்ரோஸின் என்னும் சிவப்பை அமெரிக்கர் 1990-ல் முகப்பூச்சுக்கும் உதட்டுப்பூச்சுக்கும் ஆகாதென்று விலக்கினார்கள். ஆண் எலிகளுக்கு மிகுதியாகக் கொடுத்தபோது தைராய்டில் கட்டி உண்டானதே காரணம். உதட்டின் வெளியே ஆகாத அச்சாயம் உதட்டின் உள்ளே போவதை மட்டும் மேலும் முப்பத்தைந்து வருஷம் சகித்தார்கள். 2025 ஜனவரியில்தான் உணவிலிருந்தும் அதை நீக்க உத்தரவிட்டு, 2027 ஜனவரி வரை தவணை கொடுத்தார்கள். எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று நிரூபணமாகவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் பிராணிகளுக்குப் புற்று விளைப்பதை உணவில் சேர்க்கலாகாது என்பது அங்கே சட்டம்.

இங்கிலாந்தில் சௌதாம்டன் சர்வகலாசாலையார் 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சி மற்றொன்று. சில சாயக் கலவைகளை ஒரு பதன வஸ்துவோடு சேர்த்துப் பானத்தில் கொடுத்தபோது சிறு குழந்தைகளிடம் அமைதியின்மை மிகுந்ததாகக் கண்டார்கள். அதில் சம்பந்தப்பட்ட ஆறு சாயங்கள் சேர்ந்த பண்டங்களின்மேல், குழந்தைகளின் சுறுசுறுப்பிலும் கவனத்திலும் கெடுதல் விளையக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று 2010 ஜூலை முதல் ஐரோப்பியச் சட்டம் விதித்தது. அவ்வாறில் டார்ட்ரசின், ஸன்ஸெட் யெல்லோ, கார்மோய்ஸின், பான்ஸோ 4ஆர் ஆகிய நான்கும் நம் பட்டியலில் உள்ளவை. ஒரே ஆராய்ச்சியைக் கொண்டு எல்லாவற்றையும் நாளைக்கே தடுத்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்நாட்டுத் தாய் படிக்கும் எச்சரிக்கையை நம் நாட்டுத் தாயும் தன் மொழியில் படிக்க உரிமையுடையவள் அல்லளா?

உண்பவர்களாகிய நமக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. கேசரி என்றால் செங்காவியாக இருக்க வேண்டும், லட்டு என்றால் கண்ணைப் பறிக்க வேண்டும், பிரியாணி என்றால் ஆரஞ்சுப் பழம் போல் ஜொலிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் நாமே. நிறத்தை நாம் கேட்கிறோம், வியாபாரி கொடுக்கிறான். குங்குமப்பூவும் மஞ்சளும் பீட்ரூட்டும் தரும் நிறம் அடக்கமானது. அந்த அடக்கத்தை மட்டமான சரக்கின் அடையாளமாகக் கருதக் கற்றுக்கொண்டோம். இயற்கை என்று எழுதியிருந்தால் போதும் என்பதும் தவறே. வங்காள தேசத்து மஞ்சளின் கதையை மேலே சொன்னோம். வெண்ணிறப் பஞ்சு மிட்டாயும் இனிக்கத்தான் செய்யும். அதைக் கேட்டு வாங்கும் பெற்றோர் நூறு பேர் இருந்தால், ஒரு கடற்கரையில் ரோஜா நிறப் பொட்டலத்திற்கு வேலையில்லாமற் போகும்.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பவை நான்கு. முதலாவது, மாதிரியில் ஆகாத சாயம் கண்ட ஒவ்வொரு வழக்கிலும், அது வந்த கடை வரையில் விசாரித்து 57-வது பிரிவின்கீழ் நடவடிக்கை எடுத்து, அதன் முடிவைப் பிரசுரிக்க வேண்டும். இரண்டாவது, உணவுக்காகாத சாயத்தைச் சில்லறையில் விற்பவர் வாங்குவோர் பெயரைப் பதிந்து வைக்கவும், "உண்ணத் தகாதது" என்று தமிழில் பெரிய எழுத்தில் பொட்டலத்தின்மேல் அச்சிடவும் விதி வேண்டும். மூன்றாவது, சிறு வியாபாரிகளுக்கு அனுமதிக்கப்பட்ட சாயம், முத்திரையிட்ட சிறு பொட்டலங்களில், எந்தப் பண்டத்திற்கு எவ்வளவு என்ற குறிப்புடன், கைக்கெட்டும் விலையில் கிடைக்க வழி செய்ய வேண்டும். ஆன வழியைத் திறக்காமல் ஆகாத வழியை மட்டும் அடைப்பது ஆட்சியாகாது. நான்காவது, அனுமதிப் பட்டியலை நிபுணர்கள் காலவரையறையோடு பகிரங்கமாகப் பரிசீலித்து, காரணங்களுடன் தங்கள் முடிவை வெளியிட வேண்டும்.

தடை உத்தரவு பிறப்பிப்பது எளிது. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும். தடுக்கப்பட்டதையே மறுபடி தடுப்பது அதனினும் எளிது, கைதட்டலும் கிடைக்கும். பீப்பாய் இருக்கும் கிடங்கின் கதவைத் தட்டுவதற்கே துணிவு வேண்டும். அத்துணிவை நம் சர்க்கார் காட்டும் வரையில், அடுத்த திருவிழாவிலும் ஓர் ஏழையின் கழி பறிபோகும்; பொட்டலம் மட்டும் வேறொரு பெயரில், வேறொரு பண்டத்தில், வேறொரு குழந்தையின் கைக்கு வந்து சேரும்.